காலையில் பால், மத்தியானம் பன்னீர்

ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தையே இல்லாத எண்ணெயையும் தண்ணீரையும் ஒரே பாட்டிலில் குடிவைத்து, இரண்டும் சண்டை போடாமல் இருக்கின்றனவா என்று தினம் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்கிற தொழில் எங்களுடையது. 'வீட்டிலேயே பன்னீர் தயாரிக்கலாம்' என்று பத்திரிகையில் படித்துவிட்டு, அடுக்களையில் நல்ல பாத்திரம் ஒன்றைப் பாழாக்கி, வீட்டாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட அன்பர்களே, உங்களுக்கு ஆறுதலாகத்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் கெடுத்தது ஒரு பாத்திரம். நான் கெடுத்தது ஒரு பெரிய பீங்கான் ஜாடி, முழுசாக.

தண்டையார்பேட்டையில் ஒரு தகரக் கொட்டகையில் என் தாய்மாமா தங்கையா பன்னீரும், தலைக்குத் தடவுகிற வாசனைத் தண்ணீரும் செய்கிறார். நான் எஸ்தர். எஸ்.எஸ்.எல்.சி. முடித்த கையோடு நாசரேத்திலிருந்து ரயிலேறி வந்து அவரிடம் ஒட்டிக்கொண்டேன். அளப்பதும் வடிகட்டுவதும் என் வேலை. எல்லார் குரலிலும் பேசிக் காட்டுவது என் வியாதி. முன்பெல்லாம் ஸ்பிரிட்டில் வாசனை எண்ணெயைக் கரைத்தால் கண்ணாடி மாதிரி நிற்குமாம். மதுவிலக்கு வந்தது, ஸ்பிரிட் போயிற்று. இப்போது சாயப்பட்டறைக்காரர்கள் உபயோகிக்கிற ஓர் எண்ணெய்தான் எங்களுக்குக் கதி. விளக்கெண்ணெயை ஆசிட் விட்டுப் பக்குவம் பண்ணியது. தானும் தண்ணீரில் கரையும், வாசனை எண்ணெயையும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகும்.

பாரிமுனைப் பக்கம் மொத்த வியாபாரம் செய்யும் செட்டியார் ஒருவர், "பன்னீர் தெளிவா நின்னா, இனி என் கடையில உங்க சரக்குதான்" என்று மாமாவிடம் சொல்லியிருந்தார். அது கிடைக்காவிட்டால் கொட்டகையைப் பூட்டிவிட்டு ஊருக்கே போய்விடுவதென்று மாமா முடிவு பண்ணிவிட்டார். அவர் போனால் நானும் போகவேண்டும். ஊரில் அத்தை நடத்துகிற தையல் வகுப்பில் எனக்காக ஒரு ஸ்டூலைத் துடைத்து வைத்திருந்தார்கள்.

ரோஜா மேல் வஞ்சிரம்

எங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்பு. அதில் சாயப்பட்டறை எண்ணெயை விட்டால் திரிந்த பால் மாதிரி திட்டுத் திட்டாக மிதக்கும். அதனால் மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்துத்தான் பன்னீர் செய்வோம். ஆடி மாதம் அதுவும் தீர்ந்துபோயிற்று. எனக்கு ஒரு யோசனை உதித்தது. ஐஸ் என்பது என்ன? சுத்தமான தண்ணீர்தானே? கலவை போடுகிற கோபால் அண்ணனைக் காசிமேட்டுக்கு அனுப்பினேன். அவர் ஒரு பெரிய ஐஸ் பாளத்தைக் கோணியில் சுற்றி, சைக்கிளில் கட்டிக்கொண்டு, வழியெல்லாம் ஒழுகவிட்டுக் கொண்டுவந்து சேர்த்தார். உருகிய தண்ணீர் பளிங்கு. கலந்தது பளிங்கு. மாமாவே பாட்டிலைத் தூக்கிப் பார்த்து, "ஏட்டி, உனக்கும் மண்டையில ஏதோ இருக்குதுட்டி" என்றார். அவர் வாயிலிருந்து வருகிற பாராட்டில் இதுதான் உச்சம்.

அந்தக் கோணி அதற்கு முந்தின நாள் வரை எதைச் சுமந்தது என்று நான் கேட்கவில்லை, கோபால் அண்ணனும் சொல்லவில்லை. முதல் நாள் ரோஜா மணந்தது. மூன்றாம் நாள் ரோஜா கொஞ்சம் ஒதுங்கி இன்னொருவருக்கு இடம் விட்டது. நான்காம் நாள் காலையில் சலூன் மாணிக்கம் பாட்டிலை ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். "இன்னா பாப்பா இது, ஒரு ஆளு தலையில ரெண்டு சொட்டு வுட்டேன், தெருமுனை வரிக்கும் மூணு பூனை அவரு பின்னாலயே போய்க்கினு கீது!"

குடித்தவர் வாக்குமூலம்

ஐப்பசியில் நல்ல மழை. அண்டா நிறையத் தண்ணீர் பிடித்து, தலைக்குத் தடவுகிற மல்லிகைத் தண்ணீரைக் கலந்தோம். அதன் பளபளப்பைப் பார்த்து, உள்ளே கட்டாயம் ஸ்பிரிட் இருக்கிறது என்று முடிவு கட்டினார் ஹார்பரில் மூட்டை தூக்கும் கன்னியப்பன். மாணிக்கம் சலூனில் ஒரு பாட்டில் வாங்கி, அப்படியே வாயில் கவிழ்த்துக்கொண்டார். சேதி எப்படியோ மதுவிலக்கு இன்ஸ்பெக்டர் காதுக்குப் போய், அவர் ஆளைக் கையோடு பிடித்துக்கொண்டு எங்கள் கொட்டகைக்கு வந்துவிட்டார். இன்ஸ்பெக்டர் பேசுவது எப்போதும் நோட்டீஸ் ஒட்டுகிற மாதிரி இருக்கும்: "மேற்படி திரவத்தில் போதைப் பொருள் எதுவும் கலக்கப்பட்டுள்ளதா?" (இதை நான் இன்றைக்கும் அச்சாகச் சொல்லிக் காட்டுவேன்.)

மாமா நடுங்கிப்போய், "ஐயா, சத்தியமா சாராயம் இல்லய்யா. முக்கால்வாசி தண்ணி, மிச்சம் விளக்கெண்ணெய்" என்றார். இன்ஸ்பெக்டர் திரும்பிக் கன்னியப்பனைப் பார்த்தார். கண் குழி விழுந்து, கன்னம் ஒட்டி, கைலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்ற கோலத்தைப் பார்த்ததும் அவருக்குத் தனியாக விசாரணை தேவைப்படவில்லை. நோட்டுப் புத்தகத்தை மூடிவிட்டார். கன்னியப்பன் மட்டும் மாமாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் போனார்: "மூணு நாளா கக்கூஸே கதின்னு கெடந்தேன் நைனா, ஆனா ஒண்ணு, எங்க லைன்லயே அந்த ஒரு கக்கூஸ்தான் மல்லிப்பூ வாசனையா கீது!"

என் தொண்டையில் மாமா

இனி வருவது என் பாவம். பன்னீருக்கு ஒரு வரிசை உண்டு, அன்பர்களே. முதலில் ரோஜா எண்ணெயைச் சாயப்பட்டறை எண்ணெயில் விட்டுக் கிண்டவேண்டும். இரண்டும் ஒன்றாகி, மேலே கோடு தெரியாமல் போனபிறகுதான் தண்ணீர். அதுவும் சொட்டுச் சொட்டாக. அவசரப்பட்டுத் தண்ணீரை ஊற்றினால் முடிந்தது. செட்டியாருக்கான மாதிரி போட அன்றைக்கு எடுத்தது எங்களிடம் இருந்த கடைசி ரோஜா எண்ணெய். அடுத்தது கப்பலில் வரவேண்டும். கோபால் அண்ணன் அப்போதுதான் எண்ணெய் இரண்டையும் ஜாடியில் விட்டுக் கிண்ட ஆரம்பித்திருந்தார். அந்த முதுகைப் பார்த்ததும் என் நாக்கு சும்மா இருக்கவில்லை. தகரத் தடுப்புக்குப் பின்னால் போய் நின்று, மாமா குரலில், "ஏல கோபாலு, இன்னும் என்னல கிண்டிக்கிட்டு நிக்க? தண்ணிய ஊத்துல!" என்று ஒரு அதட்டல் போட்டேன். திடுக்கிட்டுத் திரும்பிப் பார்ப்பார், சிரிக்கலாம் என்று கணக்கு. அவர் திரும்பவில்லை. குடத்தோடு கவிழ்த்துவிட்டார்.

ஜாடி முழுக்கப் பால். டீக்கடைக்கே சப்ளை பண்ணலாம் போல வெள்ளை. மாமா வந்து எட்டிப் பார்த்தார். அவர் திட்டாமல் இருந்த நாள் அது ஒன்றுதான். அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது. பிறகு இரண்டு நாள் ஜாடியை வெந்நீரில் நிறுத்தி, சாயப்பட்டறை எண்ணெயை ஒவ்வொரு கரண்டியாக விட்டு, கை கழலக் கிண்டினேன். பால் மோராகி, மோர் நீராகாரமாகி, கடைசியில் தெளிந்தது. விளிம்பில் நிற்கிற தெளிவு. இன்னும் ஒரு கரண்டி விட்டால் நிம்மதி. ஆனால் விட்டால் கை பிசுபிசுக்கும் என்று மாமா தடுத்துவிட்டார். கோபால் அண்ணன் அதிலிருந்து எனக்கு ஒரு சட்டம் போட்டார்: "இனிமே மொதலாளி கூப்ட்டா நேர்ல வந்து மூஞ்சைக் காட்டச் சொல்லு பாப்பா, வெறுங்கொரலுக்கெல்லாம் நான் வேலை செய்ய மாட்டேன்!"

பத்து நாள் பரீட்சை

மாதிரி பாட்டிலைச் செட்டியார் தன் கண்ணாடி அலமாரியில் நிறுத்தினார். "பத்து நாள் இங்க நிக்கட்டும். பத்தாம் நாள் பாட்டிலுக்குப் பின்னால பஞ்சாங்கத்தை விரிச்சு வைப்பேன், எழுத்துப் படிக்கணும்" என்றார். பஞ்சாங்கம் பார்க்கிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. அதில் பொடி எழுத்து இருக்கும் என்பதற்கு மேல் எனக்கோ மாமாவுக்கோ ஒன்றும் தெரியாது. டிசம்பர் பாதி. மறுநாள் மனசு கேட்காமல், கோயிலில் கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சி என்று மாமாவிடம் சொல்லிவிட்டு, ராயபுரத்தில் டிராம் ஏறி, ஒன்பது மணிக்குக் கடை திறக்கும்போதே போய் நின்றேன். குளிரில் பாட்டில் பாலாக நின்றது! பத்தரைக்கு வாசல் வெயில் அலமாரியில் விழுந்ததும் தெளிந்துவிட்டது. செட்டியார் வருவது பதினொன்றுக்கு. ஒரு நாள் சீக்கிரம் வந்துவிட்டால்?

அதனால் தினமும் போனேன். கடை ஆள் பொன்னுரங்கம் ஊதுவத்தி கொளுத்துகிற நேரம், கற்பூரப் பெட்டிகளுக்குப் பின்னாலிருந்து செட்டியார் மாதிரி "ம்க்கும்!" என்று தொண்டையைச் செருமுவேன். "வந்துட்டேன் மொதலாளி" என்று அவர் பின்வாசலைத் திறக்கப் பின்கட்டுக்கு ஓடுவார். நான் பாட்டிலைத் தாவணிக்குள் சொருகிக்கொண்டு பக்கத்து டீக்கடை பாய்லர் ஓரம் போய் நிற்பேன். தெளிந்ததும் திரும்ப வைத்துவிடுவேன். ஒன்பதாம் நாள் வரை பிசகில்லாமல் நடந்தது. பொன்னுரங்கம் மட்டும் வேப்பிலை அடித்துக்கொண்டால் தேவலை என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்.

பத்தாம் நாள் மழை. வெயில் கிடையாது. செருமினேன், பொன்னுரங்கம் ஓடினார், பாட்டிலை எடுத்தேன். எனக்குப் பின்னால் அதே "ம்க்கும்!" எதிரொலி என்று நினைத்து இன்னொரு தரம் செருமினேன். இன்னொரு தரம் பதில் வந்தது, என்னுடையதைவிடக் கனமாக. திரும்பினால், சொட்டுகிற குடையோடு செட்டியார். என் கையில் பால் பாட்டில். ஊரில் உள்ள அத்தனை பேர் குரலும் வருகிற தொண்டையில் என் சொந்தக் குரல் மட்டும் வரவில்லை. ஊரில் அத்தையின் தையல் மிஷின் கடகடவென்று ஓடுவது காதில் கேட்டது. அவர் பாட்டிலை வாங்கினார். பஞ்சாங்கத்தை விரித்துப் பின்னால் வைத்தார். ஒரு எழுத்தும் தெரியவில்லை. பாட்டிலை நகர்த்திவிட்டு, திறந்த பக்கத்தில் விரலை வைத்தார். காதில் சொருகியிருந்த பென்சிலை எடுத்து, ஒரு சீட்டில் 'பன்னீர் அறுபது டஜன்' என்று எழுதி என்னிடம் நீட்டினார். "காலையில பால், மத்தியானம் பன்னீர்னு மொத நாளே தெரியும் பாப்பா, தினம் எதிர்த்த காபி கிளப்புல உக்காந்து பாத்துக்கிட்டுதானே இருக்கேன். மார்கழியில எவன் கல்யாணம் பண்றான்? என் கடையில பன்னீர் போறது சித்திரை, வைகாசியில. சித்திரையில இந்தப் பட்டணத்துல எதாவது குளிர்ந்து நீ பாத்திருக்கியா?"

ஆகவே, பன்னீர் தெளிவாக நிற்க நல்ல எண்ணெய், நல்ல தண்ணீர், கலக்குவதில் நல்ல வரிசை என்று மூன்று வேண்டும். மூன்றிலும் கோட்டை விட்டவர்களைக் காப்பாற்றத்தான் மெட்ராஸ் வெயில் இருக்கிறது.