கோணல் பெட்டிக்கு விழுந்த வீடு

நகராட்சி அலுவலகத்தில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. எந்த ஊர் நகராட்சி என்று சொல்லப்போவதில்லை. விருதுநகரிலிருந்து தெற்கே பஸ் ஏறினால் முதலில் கரிசல் காடும், அப்புறம் வாசலெங்கும் தீப்பெட்டி காயப்போட்ட தெருக்களும் வரும். அப்படிப்பட்ட ஊர்களில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். நகராட்சிக்கும் மானம் உண்டு.

அறுபதுகளின் தொடக்கம் அது. வேலை தற்காலிகம்தான். ஆனால் அம்மா தெருவெல்லாம் 'கவர்மெண்டு உத்தியோகம்' என்று சொல்லிவைத்திருந்தாள். தற்காலிகம் என்ற சொல் மட்டும் அவள் வாயில் நுழையவே இல்லை.

நானும் அம்மாவும் ஓடைக்கரைப் புறம்போக்கில் ஒரு குடிசையில் இருந்தோம். அப்பா நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோதே போய்ச் சேர்ந்துவிட்டார். ஓடை என்றதும் தண்ணீரை நினைத்துக்கொள்ள வேண்டாம். பதினோரு மாதம் அதில் ஆடுகள்தான் ஓடும். ஐப்பசியில் நாலு நாள் சேர்ந்தாற்போல மழை பெய்தால், தான் ஓடை என்பது அதற்குத் திடீரென்று ஞாபகம் வந்து நேராக எங்கள் வீட்டுக்குள் வரும்.

அம்மா தீப்பெட்டி ஒட்டினாள். கரையில் எல்லாப் பெண்களும் அதுதான். கம்பெனியில் மரச்சீவலும் நீலத்தாளும் கொடுப்பார்கள். வீட்டில் பசை காய்ச்சி ஒட்டி, காயவைத்து, நூற்று நாற்பத்துநாலு பெட்டிக்கு ஒரு குரோஸ் என்ற கணக்கில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். மண்தரையில் ஈரம் ஏறினால் பெட்டி பிரிந்துவிடும், அத்தனையும் கழிவு. அம்மாவுக்கு வாழ்க்கையில் ஒரே ஆசை, பெட்டி காயப்போட ஒரு சிமெண்டுத் தரை. நகை நட்டு என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

இந்த நிலையில்தான் நகராட்சி ஓடையைக் கட்டிச் சாக்கடையாக்கி, கரைமேல் ரோடு போடத் தீர்மானித்தது. முப்பத்தாறு குடிசைகள் போயாக வேண்டும். அப்படி எடுத்தால் அங்கே இருக்கிற ஏழைகளுக்கு நகராட்சிதான் வீடு கொடுக்க வேண்டும் என்று சட்டத்தைச் சொல்லி மதராஸிலிருந்து ஒரு ஜி.ஓ., அதாவது சர்க்கார் உத்தரவு, வந்தது. மூன்று கார்பன் வைத்து அதற்குப் பிரதி எடுத்தவள் நான்தான். டைப் அடிக்கிறவர்கள் எதையும் படிப்பதில்லை. எழுத்து கண்ணில் படும், விரலுக்குப் போகும், அவ்வளவுதான்.

கையிலிருந்த பணத்துக்குப் பதினெட்டு வீடுதான் முடியும் என்றார்கள். ஊருக்கு மேற்கே பதினெட்டு வீடுகள் வரிசையாக எழும்பின. ஓட்டுக்கூரை, ஓர் அறை, ஓர் அடுப்படி, சிமெண்டுத் தரை. அம்மா வாராவாரம் போய்ப் பார்த்துவிட்டு வருவாள், மகனுக்குப் பெண் பார்த்துவிட்டு வருகிற மாதிரி. ஒருதடவை கொத்தனார் இல்லாத நேரமாகப் பார்த்து உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்தே விட்டாள்.

"எம்புட்டுக் குளுகுளுன்னு இருக்கு தெரியுமா? அங்கன பெட்டியப் பரப்புனா மழ பெஞ்சா நமக்கென்ன," என்றாள். அன்று முழுக்க அவள் முகத்தில் ஒரு களை.

முப்பத்தாறு குடும்பம், பதினெட்டு வீடு. யாருக்குக் கொடுப்பது? எங்கள் கமிஷனர் காவிரிக்கரைப் பக்கத்துக்காரர், நல்ல மனிதர், தன் மூளைமேல் அபார நம்பிக்கை உள்ளவர். குலுக்கல் என்று முடிவு செய்தார். முன்பு ஒரு குலுக்கலில் யாரோ சீட்டின் மூலையை மடித்துவைத்து அடையாளம் காட்டிவிட்டார்களாம். அதனால் இந்தத் தடவை புதுயோசனை. ஒவ்வொரு குடும்பமும் தன் பெயர்ச்சீட்டை லேபிள் ஒட்டாத ஒரு காலித் தீப்பெட்டிக்குள் போட்டுக் கொண்டுவர வேண்டும்.

"எல்லாம் ஒரே அளவு, ஒரே நீலத்தாள். எவனாலயும் கண்டுபிடிக்க முடியாதும்மா," என்றார் என்னிடம். அவர் சொல்லச்சொல்ல நான் அடித்துக்கொண்டிருந்தேன்.

பெட்டியை எடுத்துத் தர ஊருக்குப் பொதுவான ஓர் ஆள் வேண்டும். ஓடைக்கரையில் விசாரித்ததற்கு எல்லோரும் ஒரே வாயாகச் சொன்ன பெயர் தீப்பெட்டிக் கம்பெனிக் கணக்குப்பிள்ளை. விஸ்வநத்தத்திலிருந்து சைக்கிளில் வருவார். நாங்கள் எல்லோரும் அண்ணாச்சி என்போம். கைசுத்தமான மனிதர். அவர் கண்ணைத் துண்டால் கட்டிவிடுவது என்றும் நோட்டீஸில் சேர்த்தார்கள். அதை அடிக்கும்போது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஏனென்றால் அண்ணாச்சியின் வேலையே நாங்கள் ஒட்டிய பெட்டிகளைப் பார்த்து வாங்குவதுதான். பார்த்து என்று பேச்சுக்குத்தான் சொல்கிறேன். அவர் பார்க்கவே மாட்டார். எதிரில் இருப்பவரிடம் ஊர்க்கதை பேசிக்கொண்டே கட்டைவிரலால் மூலையைத் தடவுவார். இரண்டு வீட்டுப் பெட்டிகள் கலந்துபோனால், பேச்சை நிறுத்தாமலே பிரித்துப் போட்டுவிடுவார். ஒட்டுகிற கை ஒவ்வொன்றும் அவருக்கு அத்துபடி.

ஓடைக்கரை முழுக்கத் தெரிந்த இந்த விஷயம் காவிரிக்கரைக்காரருக்குத் தெரியவில்லை. நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கரையிலேயே சுத்தமான பெட்டி எங்கள் வீட்டுப் பெட்டி. அண்ணாச்சிக்கு அம்மாமேல் தனி மரியாதை. எனக்கு அப்போது நியாயமாவது ஒன்றாவது, வீடு வேண்டும்.

கம்பெனி ஆட்கள் வர வசதியாக ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் குலுக்கல். அன்று காலை கரையில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரே ஒரு பெட்டி ஒட்டினார்கள், கோயிலுக்கு மாவிளக்குப் போடுகிற பக்தியோடு. அம்மா நீலத்தாளை எப்போதும்போல ஒரு நூல் உள்ளே தள்ளி மடித்து ஒட்டினாள். வேறு யாரும் அப்படி ஒட்டமாட்டார்கள்.

அப்போது பக்கத்துக் குடிசைச் சித்தி வந்தாள். சொந்தச் சித்தி அல்ல, வாயால் சித்தி. தாயில்பட்டிப் பக்கம் பிறந்தவள், புருஷன் இல்லை, இரண்டு சின்னப் பிள்ளைகள். வெடிக் கம்பெனியில் மருந்து அடைக்கும்போது பொறி தட்டி வலது கையில் மூன்று விரல் போய்விட்டது. அதற்கப்புறம் பெட்டி ஒட்டுகிறாள். மூலையை இறுக்கிப் பிடிக்க முடியாததால் அவள் பெட்டி எப்போதும் கோணல். பாதிக்குப் பாதி கழிவாகும்.

"தாயி, எனக்கும் ஒரு பெட்டி நேரா ஒட்டித் தாரியா?" என்று என்னிடம் கேட்டாள். அவள் கையில் சீவலும் தாளும் தயாராக இருந்தன.

"ஆபீசுக்கு நேரமாச்சு சித்தி," என்றேன்.

அம்மா என்னைப் பார்த்தாள். சித்தி சரி என்று தலையாட்டிவிட்டுப் போனாள்.

சாயங்காலம் நகராட்சிப் பள்ளிக்கூடத்தில் ஒரு பித்தளை அண்டாவில் முப்பத்தாறு பெட்டிகளையும் போட்டுக் குலுக்கினார்கள். அண்ணாச்சி கண்ணைக் கட்டிக்கொண்டு முன்னால் உட்கார்ந்தார். அவர் எடுத்துத் தருகிற பெட்டியைக் கமிஷனர் திறந்து பெயரைப் படிக்க வேண்டும், நான் பதிவேட்டில் எழுத வேண்டும். அம்மா முதல் வரிசையில் இருந்தாள், வெளுத்த சேலை கட்டிக்கொண்டு.

ஏழெட்டுப் பெயர் ஆனதும் எனக்கு விளங்கிவிட்டது. குடிசையை வாடகைக்கு விட்டுவிட்டு வேறு தெருவில் இருந்துகொண்டு விண்ணப்பம் போட்ட இரண்டு பேருக்கும் விழவில்லை. காசநோய்க்காரர் வீட்டுக்கு விழுந்தது. நாலு பிள்ளைக்காரிக்கு விழுந்தது. அண்ணாச்சியின் விரல் அண்டாவுக்குள் நிதானமாக நடந்துகொண்டிருந்தது. கமிஷனர் மட்டும் ஒவ்வொரு பெட்டிக்கும் பெருமையாக எங்களைப் பார்த்தார்.

பதினேழு முடிந்தது. பதினெட்டாவதாக அண்ணாச்சி கையில் வந்தது எங்கள் பெட்டி. உள்ளே தள்ளி மடித்த நீலத்தாள் எனக்கு அங்கிருந்தே தெரிந்தது. பேனாவை எடுத்து அம்மா பெயரின் முதல் எழுத்தை எழுதியே விட்டேன். அண்ணாச்சியின் கட்டைவிரல் மூலையைத் தடவியது, கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு கை நழுவினாற்போலப் பெட்டியை அண்டாவுக்குள் திரும்பப் போட்டுவிட்டு இன்னொன்றை எடுத்தார். அது கோணல் பெட்டி.

எழுதிய எழுத்தை அடித்துவிட்டுச் சித்தியின் பெயரை எழுதினேன். அந்த அடித்தல் அந்தப் பதிவேட்டில் இன்னும் இருக்கும்.

எழுந்து கத்தலாமா என்று நினைத்தேன். என்னவென்று கத்துவது? எங்கள் பெட்டியை அவர் தடவிக் கண்டுபிடிப்பார் என்று நம்பியிருந்தோம், கண்டுபிடித்தும் ஏமாற்றிவிட்டார் என்றா? அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வா, போவோம். உல வைக்கணும்," என்றாள்.

மறுநாள் காலை பெட்டிக் கூடையை நானே கம்பெனிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அண்ணாச்சி வழக்கம்போல விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"எங்க பெட்டிய எடுத்துட்டு ஏன் அண்ணாச்சி திரும்பப் போட்டீக?"

"கண்ணக் கட்டியிருந்துச்சேத்தா. எனக்கெப்படித் தெரியும்?"

நான் நகரவில்லை. பின்னால் நின்றவர்கள் போகிறவரைக்கும் அவர் பெட்டிகளைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"ஒங்க வீட்டுல நாலு கை இருக்கு, ஒரு சம்பளமும் வருது," என்றார் அப்புறம். "அந்தப் பிள்ளைக்கு ஒன்றரைக் கைதான். அது பெட்டிய எம்புட்டு நாள் இந்தக் கையால கழிவுல தள்ளியிருக்கேன் தெரியுமா? அது கம்பெனி வேல, தள்ளித்தான் ஆகணும். நேத்து கம்பெனி வேல இல்லேல்ல."

கூடையை எடுத்துக்கொண்டு திரும்பினேன். ஆனால் நியாயமான பேச்சைக் கேட்டால் கோபம் தணிந்துவிடும் என்று சொல்கிறவர்கள் வீடு கிடைத்தவர்களாகத்தான் இருப்பார்கள். நான் கொதித்துக்கொண்டே ஆபீசுக்குப் போய், குலுக்கலைச் செல்லாமல் ஆக்க ஏதாவது வழி இருக்காதா என்று அந்த ஜி.ஓ. கோப்பை எடுத்தேன். முதன்முறையாக உட்கார்ந்து படித்தேன்.

அதில் குலுக்கல் என்ற பேச்சே இல்லை. பதினெட்டு என்ற எண்ணும் இல்லை. எடுக்கப்படுகிற குடிசையில் இருக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் நகராட்சி குடியிருக்க வீடு தர வேண்டும், தந்த பிறகுதான் குடிசைமேல் கை வைக்கலாம் என்று பச்சைத்தண்ணீர் மாதிரித் தெளிவாக இருந்தது. யாருக்கு விழும் என்று முப்பத்தாறு வீடும் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தோம். எல்லோருக்கும் விழ வேண்டியதைக் குலுக்கியிருக்கிறோம்.

கமிஷனர் இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"இதை யார் டைப் அடிச்சது?"

"நான்தான் சார்."

"அப்பவே சொல்லியிருக்கலாமேம்மா?"

"நீங்க படிச்சுக் கையெழுத்துப் போட்டீங்களே சார்."

அவர் கோப்பை மூடி என் பக்கம் தள்ளினார்.

"வெளியே யாருக்காவது தெரியுமா?" என்றார்.

"தெரியாது சார்," என்றேன். அப்போது அது உண்மைதான். சாயங்காலத்துக்குள் ஓடைக்கரை முழுக்கத் தெரிந்துவிட்டது. மறுநாளே, வீடு விழாத குடிசைகளிலிருந்து பதினெட்டுக் கைநாட்டும் கையெழுத்துமாக ஒரு மனு வந்து என் மேஜைமேல் உட்கார்ந்தது. எழுத்துப்பிழை இல்லாமல் டைப் அடித்த மனு. யார் அடித்தது என்று அவர் கேட்கவில்லை. நல்ல மனிதர் என்று முதலிலேயே சொன்னேனே.

எங்கள் குடிசைகள் நின்றன, ரோடு காத்திருந்தது. இரண்டு ஐப்பசி ஓடை வீட்டுக்குள் வந்துபோனது, அம்மா நனைந்த பெட்டிகளைக் கழிவில் கொட்டினாள். அந்த நாட்களில் ஒரு யோசனை எனக்கு ஆறுதலாக வரும். அன்றைக்குச் சித்திக்கு நான் பெட்டி ஒட்டிக் கொடுத்திருந்தால் அது எங்கள் வீட்டுக் கை ஆகியிருக்கும், அண்ணாச்சி அதையும் திரும்பப் போட்டிருப்பார், ஆக என் கஞ்சத்தனம்தான் சித்திக்கு வீடு வாங்கித் தந்தது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவள் தலையாட்டிவிட்டுப் போனது கூடவே ஞாபகம் வரும், ஆறுதல் போய்விடும்.

மூன்றாவது வருஷம் இரண்டாவது வரிசை எழும்பியது. இந்தத் தடவை குலுக்கல் இல்லை, பட்டியலை வாசித்துச் சாவி கொடுத்தார்கள். எங்கள் வீடு சித்தி வீட்டுக்கு நேர் எதிரே. பால் காய்ச்சின அன்றைக்கு அவள்தான் முதல் ஆளாக ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அம்மா தரையைவிட்டு எழுந்திருக்கவே இல்லை. வந்தவர்களுக்கெல்லாம் உட்கார்ந்தபடியே காபி கொடுக்கச் சொன்னாள்.

கூட்டம் போனபிறகு சித்தி மறுபடியும் வந்தாள். கையில் சீவலும் நீலத்தாளும் இருந்தன.

"இன்னிக்கு ஞாயித்துக்கிழமதான தாயி, ஒனக்கு ஆபீசு இருக்காது. கொஞ்சம் மூல பிடிச்சுத் தாரியா?"

குத்திக்காட்டுகிற பேச்சு இல்லை அது. அவளுக்கு அப்படிப் பேசவே வராது. நான் அந்தக் குளுகுளுத் தரையில் அவளுக்கு எதிரே உட்கார்ந்து, அவள் தாளைச் சுற்றச்சுற்ற மூலையைப் பிடித்துக் கொடுத்தேன். குலுக்கல் நடந்த அன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமைதான் என்பதை அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.