குடோன் சுவரில் எழுதிய கடவுள்

ராயபுரத்தில் ஒரு குடோன் சுவரை ஒட்டி இட்லிக் கடை போட்டிருந்தேன். ஆம்பளைகள் அந்தச் சுவரில்தான் மூத்திரம் போவார்கள். நாற்றம் தாங்காமல் சாப்பிடுகிறவர்கள் பாதியில் எழுந்து போனார்கள். சாமிப் படம் போட்ட டைல்ஸ் பதிக்கச் சொல்லி குடோன் முதலாளியைக் கேட்டேன். எந்தச் சாமியை வைத்தாலும் சண்டை வரும் என்று, ‘தேயுஸ்’ என்று பெரிதாக எழுத வைத்தார்.

“லத்தீன்ல கடவுள்னு அர்த்தம்க்கா. எல்லாருக்கும் பொது.”

மறுநாள் ஒரு லாரி டிரைவர் அந்த எழுத்துக்குக் கீழேயே நின்றான்.

“நைனா, அது சாமி பேரு,” என்றேன்.

“எந்த சாமி?”

“எல்லாருக்கும் பொதுவான சாமி.”

“பொதுன்னா கேக்க ஆளு இல்ல. நீ இட்லிய பாரு யக்கா.”

மூத்திரம் அடுப்புவரை ஓடி வந்தது. வெந்த இட்லியைக் கொட்டிவிட்டுக் குண்டானைத் தூக்கினேன். அங்கே மறுபடி கடை போடவில்லை.