பத்து விநாடியும் ஓர் அம்புக்குறியும்

சுரங்க ரயில் நிலையத்தில் விளம்பரத் திரை விற்பது என்பது, வீட்டுக்கு ஓடுகிறவரை வழிமறித்து, "ஒரு நைட்டியைப் பார்த்துவிட்டுப் போங்கள்" என்று கெஞ்சும் தொழில். டார்கெட் என்ற ஒன்றை மாதாமாதம் தலையில் சுமக்கும் என் சக பாவிகளே, நீங்களாவது சிரிக்காமல் படியுங்கள்.

என் ஏரியா வண்ணாரப்பேட்டை. நான் கல்மண்டபத்தில் பிறந்தவள் என்பதால், "அந்தப் பக்கம் உனக்கு எல்லாரையும் தெரியுமே" என்று மேனேஜர் தூக்கிக் கொடுத்துவிட்டார். தெரியும்தான். தெரிந்தவர்களிடம் விற்றுப் பார்த்தால்தான் அதில் இருக்கும் கஷ்டம் அவருக்குப் புரியும்.

சிக்னல் எங்கள் சக்களத்தி

கீழே இறங்கினால் செல்போன் சரியாக எடுக்காமல் இருந்த காலம் ஒன்று உண்டு. அதுதான் எங்கள் பொற்காலம். போனில் வீடியோ சுற்றிக்கொண்டே நிற்கும், மனிதர் அலுத்துப்போய்த் தலையைத் தூக்குவார், எதிரே எங்கள் திரை பளிச்சென்று இருக்கும். பிறகு சிக்னல் நன்றாக வர ஆரம்பித்தது. ஊரே சந்தோஷப்பட்டது, நாங்கள் துக்கம் அனுசரித்தோம்.

அந்தச் சமயம் பார்த்து ஒரு வளையல் கடைக்காரரை நிலையத்துக்குக் கூட்டிப்போனேன். "சார், பாருங்க, எவ்வளவு கூட்டம்!" என்றேன். அவர் நிதானமாக இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார். அத்தனை பேரும் போனுக்குள் குனிந்திருந்தார்கள். பிறகு என்னிடம் சொன்னார்: "இத்தினி பேர் கீறாங்க, ஒரு மண்டை கூட நிமிரலியே. தரையில ஸ்கிரீன் போட முடியுமான்னு கேட்டுப் பாரு மா."

நைனாவுக்கு அப்புறம் குக்கர்

எங்கள் பக்கத்தில் பிறந்தாலும் பேனர், பெண் வயசுக்கு வந்தாலும் பேனர், செத்தாலும் பேனர். ஒரு தடவை கட்டினால் காற்று கிழிக்கிற வரை நிற்கும். அந்தப் பழக்கத்தோடு வருகிறவர்களுக்கு எங்கள் முறையைப் புரிய வைப்பதற்குள் நாக்கு தள்ளிவிடும். ஒரு விளம்பரத்துக்குப் பத்து விநாடிதான். அது போனால் அடுத்தவர், அவர் போனால் அதற்கடுத்தவர். எல்லோரும் ஒரு சுற்று வந்த பிறகுதான் மறுபடியும் நீங்கள். அதுவும் நிலையத்தில் எத்தனை திரை இருந்தாலும் அத்தனையிலும் ஒரே நேரத்தில் ஒரே படம்தான் ஓடும்.

காசிமேட்டில் மீன் ஏலம் எடுக்கும் ஒருவர், தன் அப்பாவின் முதலாம் ஆண்டு நினைவஞ்சலியைப் போட வேண்டும் என்று வந்தார். போட்டோவைப் பார்த்தேன். நல்ல கம்பீரமான மனிதர், முறுக்கு மீசை. கையிலிருந்த டேப்லட்டில் சுற்றை ஓட்டிக் காட்டினேன். அப்பா வந்தார், பத்து விநாடி முறைத்தார், போனார். அவர் இடத்தில் ஒரு குக்கர் புஸ்ஸென்று ஆவி விட்டது. மகன் எழுந்து நின்றுவிட்டார்: "எங்க நைனா போன எடத்துல குக்கர் வந்து குந்திக்கினா, அது இன்னா மரியாதை மா?"

ஜமீலா அக்கா கடையை மூடவில்லை

இந்த நிலையில்தான் ஜமீலா அக்கா என் கையில் கிடைத்தார். மெயின் ரோட்டில் வருஷக்கணக்காக நைட்டி, உள்பாவாடைக் கடை வைத்திருந்தவர். கணவர் காலமான பிறகு தனியாளாக நடத்திய கடை. கட்டடக்காரர் இடித்துக் கட்டப்போகிறேன் என்றதும், ரோட்டுக்கு மறுபக்கம் ஒரு சந்துக்குள் கடையை மாற்றிக்கொண்டார். பழைய வாடிக்கையாளர்கள் வந்து பார்த்தார்கள், இடிந்த சுவரைப் பார்த்தார்கள், 'பாவம், மூடிட்டாங்க' என்று உச்சுக் கொட்டிவிட்டுப் பக்கத்துக் கடையில் வாங்கிக்கொண்டு போனார்கள்.

பக்கத்துக் கடை காதர் பாயுடையது. அதே நைட்டி, அதே உள்பாவாடை. ஒருவர் கடை வாசலை மற்றவர் மிதிக்காமல் எத்தனையோ பெருநாள் போயிருக்கிறது. காரணம் கேட்டால் இரண்டு பேருக்கும் மறந்துபோயிருக்கும், கோபம் மட்டும் பத்திரமாக இருந்தது.

நோன்பு மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. பெருநாள் வியாபாரமும் படுத்துவிட்டால் கடையை நிஜமாகவே மூடிவிட்டு, தண்டையார்பேட்டையில் மகள் வீட்டோடு போய்விடுவது என்று அக்கா முடிவு செய்திருந்தார். சொல்லும்போது குரல் உடையவில்லை. அடுக்கி வைத்த துணியையே மறுபடி அடுக்கிக்கொண்டிருந்தார். என் ஆயுளில் முதல்முறையாக, டார்கெட்டை மறந்து, இந்த விளம்பரம் வேலை செய்ய வேண்டுமே என்று பயந்தேன். அக்கா கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தார்: "மருமவன் தங்கமானவன் தான் கண்ணு. ஆனா அவன் வூட்டு சோத்துல குந்த எனக்கு இஷ்டமில்ல."

முதல் நாள், முதல் காட்சி

விளம்பரம் ஓட ஆரம்பித்த அன்று அக்கா குடும்பத்தோடு வந்துவிட்டார். மகள், மருமகன், கைக்குழந்தை, இரண்டு நாத்தனார்கள், ஒரு பை நிறைய சமோசா. டிக்கெட் கொடுக்கும் தளத்தில், திரைக்கு எதிரே வரிசையாக நின்றுகொண்டார்கள்.

முதல் சுற்றில் விளம்பரம் வந்தபோது நாத்தனார் சமோசா எடுக்கக் குனிந்திருந்தார். இரண்டாவது சுற்றில், ரயிலிலிருந்து இறங்கி மேலே ஏறி வந்த கூட்டம் மொத்தத் திரையையும் மறைத்துவிட்டது. மூன்றாவது சுற்றில் குழந்தை வீறிட்டது, எல்லோரும் அதைப் பார்த்தார்கள். நான்காவது சுற்றுக்குக் காத்திருக்கும்போது செக்யூரிட்டி அண்ணன் வந்துவிட்டார். எந்த வண்டிக்குப் போக வேண்டும் என்று விசாரித்தார். எந்த வண்டிக்கும் இல்லை என்று மருமகன் விளக்கினார். அண்ணன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்: "எல்லாரும் வண்டி வர்ற வரைக்கும் வெளம்பரம் பாப்பாங்க. நீங்க இன்னா பா, வெளம்பரம் வர்ற வரைக்கும் வண்டிய பாத்துகினு கீறீங்க?"

அம்பு

ஒரு வாரம் ஆயிற்று. அக்கா கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். எனக்குப் போன் வந்தது, ஆனால் அக்காவிடமிருந்து அல்ல. காதர் பாயிடமிருந்து. உடனே வா என்றார்.

போகும் வழியில் நிலையத்துக்குள் இறங்கித் திரையை ஒருமுறை பார்த்தேன். அப்போதுதான் தப்பு தெரிந்தது. 'ஜமீலா அக்கா கடை, இந்தப் பக்கம்' என்று வலப்புறம் காட்டி ஒரு பெரிய சிவப்பு அம்பு போட்டிருந்தோம். நிலையத்தில் எதிரெதிர்ச் சுவரில் இரண்டு திரைகள். இரண்டிலும் ஓடுவது அதே படம். ஒரு சுவரில் அந்த அம்பு அக்கா பக்கத்து வாசலைக் காட்டியது. எதிர்ச் சுவரில் அதே அம்பு, அக்காவின் பழைய கடை இருந்த பக்கத்து வாசலைக் காட்டியது. அந்த வாசலில் ஏறினால் முதலில் கண்ணில் படுவது காதர் பாய் கடை. எஸ்கலேட்டரில் ஏறி வருகிறவர்கள் கண்ணில் படுவதோ எதிர்ச் சுவர்த் திரை மட்டும்தான்.

பாய் கொதித்துப்போயிருந்தார். "தெனம் எத்தினி பேரு மா! 'ஜமீலா அக்கா கீதா?' 'ஜமீலா அக்கா கீதா?' எங்கடையில நின்னுகினு என்னையே கேக்குறாங்க. தெரியாதுன்னு வெரட்டி வுட்டுகினு கீறேன். ரொம்ப பேஜாரா கீது. நான் வியாபாரம் பண்றதா, அந்தம்மாவுக்கு அட்ரஸ் சொல்லிகினு கீறதா?"

அட்டை

அம்பைத் திருத்தித் தருமாறு தலைமை ஆபீசுக்கு எழுதினேன். அங்கே எதுவும் உடனே நடக்காது, அது உங்கள் ஆபீசிலும் அப்படித்தான் இருக்கும். பாய்க்கு அந்தப் பொறுமை இல்லை. துணி வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து, கறுப்பு மார்க்கரில் எழுதித் தன் கடை வாசலில் தொங்கவிட்டார்: 'ஜமீலா கடை இது இல்லை. ரோட்டை தாண்டவும். டீக்கடை சந்து. பச்சை ஷட்டர். கடை மூடலை. என்னிடம் கேட்காதீர்.'

மூன்றாம் நாள் அக்கா கடைக்குப் போனால் எனக்கு உள்ளே நுழைய இடமில்லை. பழைய முகங்கள், புது முகங்கள், மடியில் பிள்ளையோடு தரையில் உட்கார்ந்து துணி பிரித்துப் பார்ப்பவர்கள். அக்கா வியர்க்க விறுவிறுக்க எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, அதை மறைக்கவும் இல்லை. விளம்பரத்தைப் பார்த்துத்தானே வந்தீர்கள் என்று ஓர் அம்மாவிடம் ஆசையாகக் கேட்டேன். வியாசர்பாடியிலிருந்து வந்தவர். என்னை ஏற இறங்கப் பார்த்தார்: "அத்த பாத்து அந்தாண்ட போய் அலஞ்சதுதான் மிச்சம். போட்டிக் கடக்காரனே வழி எழுதி மாட்டிகீறான், அப்ப கட நெசமாவே கீதுன்னு வந்தேன்."

திருத்தம்

என் கெட்ட நேரம், இரண்டு வாரம் கழித்துத் தலைமை ஆபீஸ் விழித்துக்கொண்டது. ஒரே படம் என்ற வழக்கத்தை மீறி, ஒவ்வொரு சுவருக்கும் தனித்தனி அம்பு. முழு விலாசமும் சின்ன எழுத்தில். எல்லாம் கச்சிதம். மேனேஜர் என் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

திருத்தம் ஓட ஆரம்பித்த நான்காம் நாள் அக்கா கடை காலி. சரியான வாசலில் ஏறிய ஜனங்களுக்கு எதிரே மூன்று சந்துகள் இருந்தன. பத்து விநாடியில் விலாசம் யார் படித்தார்கள்? கேட்கலாம் என்றால் அந்தப் பக்கம் எரிச்சலோடாவது வழி சொல்ல ஒரு காதர் பாய் இல்லை. பெருநாளுக்கு இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது. நான் தூக்கம் கெட்டுத் திரிந்தேன்.

மறுநாள் மதியம் ஆபீஸ் கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு இரண்டு பேர் உள்ளே வந்தார்கள். முன்னால் ஜமீலா அக்கா. பின்னால் நாலடி தள்ளி, வேறு எங்கோ பார்த்தபடி, காதர் பாய். வழி கேட்க வந்தவர்களில் பாதிப் பேர், வந்ததற்கு ஓர் உள்பாவாடையாவது பாயிடம் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். அம்பு திருந்தியதும் அந்த வியாபாரமும் நின்றுபோனது. பாய் சுவரிடம் சொல்வது போல, "அந்தம்மா சொல்லும்" என்றார்.

அந்தம்மா சொன்னார். நான் மேனேஜரைப் பார்த்தேன். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, கிளையன்ட் கேட்டால் தப்பையும் பளிச்சென்று போட வேண்டியதுதான் என்று எழுந்து போய்விட்டார். அன்று மாலையே பழைய அம்பு திரும்பி வந்தது. பெருநாள் வரை பச்சை ஷட்டரை இறக்க நேரமில்லை, அக்கா இன்னும் மகள் வீட்டுக்கு விருந்தாளியாக மட்டும்தான் போகிறார், விளம்பரத்தையும் மாதாமாதம் புதுப்பித்துவிடுகிறார். மழைக்காலத்தில் காதர் பாய் அட்டைக்கு பிளாஸ்டிக் உறை மாட்டினார்.

அன்று ஆபீசில் அக்கா சொன்னது இதுதான்: "நீ தப்பாவே காட்டு கண்ணு, பாய் சரியா அனுப்பிக்குவாரு."

ஊரே பார்க்கும் திரையை விற்றுப் பிழைப்பதாக விசிட்டிங் கார்டில் போட்டுக்கொண்டிருக்கும் எனக்கு, எரிச்சலில் ஒருவர் கிழித்து எழுதிய அட்டைப்பெட்டிதான் இன்றைக்கும் மாத டார்கெட்டை முடித்துக் கொடுக்கிறது.