மேல கட்டடம், பன்னிரண்டாம் அறை

பெண்கள் விடுதிக்கு என்னைத் துணைக் காப்பாளராகப் போட்ட முதல் மாதம், பெரும்பாலும் நான் வழி தெரியாமல்தான் அலைந்தேன். கல்லூரியில் கணக்கு நடத்துகிற நான் ஒரு கட்டடத்துக்குள் தடுமாறுவதை வெளியே சொல்ல வெட்கமாக இருந்தது. சாப்பாட்டுக்கூடம் என்று நினைத்துப் போனால் துணி காயப்போடுகிற இடம் வரும். ஒருநாள் என் அறை என்று நினைத்து வேறொரு கதவில் சாவியைப் போட்டுத் திருகிக்கொண்டிருந்தேன், உள்ளேயிருந்து "யாரு?" என்று குரல் வரும்வரைக்கும்.

விடுதி இருந்த நிலம் ஆற்றை நோக்கிச் சரிவது. கிழக்கே ரோட்டோரம் மேட்டில் பழைய கட்டடம். மேற்கே பள்ளத்தில் பிற்பாடு கட்டியது. இரண்டையும் ஒரு நடைகூடத்தாலும் ஆறு படிகளாலும் இணைத்திருந்தார்கள். பழைய கட்டடத்தின் தரைத்தளத்திலிருந்து அந்த ஆறு படிகளை இறங்கினால், புதுக் கட்டடத்தின் முதல் மாடியில் நிற்போம். இறங்கினால் எப்படி மாடி வரும் என்று எனக்குப் புரியவே சில நாள் ஆயிற்று. போதாததற்கு இரண்டு கட்டடத்திலும் அறை எண்கள் ஒன்றிலிருந்தே தொடங்கின. எந்த எண்ணைச் சொன்னாலும் இரண்டு அறைகள் இருந்தன.

ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாடு முடிந்த நேரம், ஒரு முதலாண்டு மாணவி போன் செய்தாள்.

"மேடம், சீக்கிரம் வாங்க. என் ரூம் பிள்ளைக்கு மூச்சு முட்டுது. மேல கட்டடம், பன்னெண்டு."

செருப்புகூடப் போடாமல் ஓடினேன். மேட்டில் இருந்த கட்டடத்தின் பன்னிரண்டாம் அறைக் கதவைத் தள்ளினேன். இரண்டு பெண்கள் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். பதறி எழுந்தவர்களிடம் யாருக்கு மூச்சு முட்டுகிறது என்று நான் கேட்க, அவர்கள் என்னிடம் யாருக்கு என்று கேட்டார்கள். திரும்ப அழைத்தால் போனை எடுக்க ஆளில்லை. விஷயத்தைச் சொன்னதும் அதில் ஒருத்தி சொன்னாள்:

"மேல கட்டடம்னா அந்தா அதுல்லா மேடம். இது கீழ கட்டடம்."

இந்த ஊரில் மேல என்றால் மேற்கு, கீழ என்றால் கிழக்கு. அது எனக்குத் தெரியாததல்ல. சென்னையிலிருந்து கல்யாணமாகி இங்கே வந்து பதினோரு வருடம் ஆகியிருந்தது. தெருப் பெயர்களை எல்லாம் அப்படித்தான் படித்துப் பழகியிருந்தேன். ஆனால் ஓடுகிறபோது, மேல என்ற சொல் என்னை மேட்டுக்குத்தான் கொண்டுபோனது.

சரியான பன்னிரண்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது அந்தப் பெண் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பெட்டியின் அடியில் கிடந்த இன்ஹேலரை மற்ற பெண்கள் தேடி எடுத்துக் கொடுத்திருந்தார்கள். உதடு வெளிறிப்போயிருந்தது. என் கையைப் பிடித்தவள் விடவே இல்லை. ஆட்டோ வைத்து இந்த ஊர் வண்ணார்பேட்டையில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். சாயங்காலம் சாத்தான்குளத்திலிருந்து அவளுடைய அப்பாவும் அம்மாவும் பஸ் ஏறி வந்தார்கள். நல்ல சமயத்துக்கு நான் வந்துவிட்டதாகப் பிள்ளை சொன்னாள் என்று சொல்லி, அப்பா என்னைக் கும்பிட்டார். முதலில் வேறு கட்டடத்துக்கு ஓடினேன் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மறுநாளே முதல்வரைப் பார்த்து எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்றேன். அவர் ஒப்புக்கொண்டார். இரண்டு வாரம் கிராப் தாளில் வரைந்தேன். மேல, கீழ என்ற பேச்சே கூடாது. கிழக்கே ஏ, மேற்கே பி. அறைகளுக்குப் புது எண்கள். பழையதற்கு மஞ்சள் பட்டை, புதியதற்கு நீலம். திருப்பத்துக்குத் திருப்பம் அம்புக்குறி. போர்டு எழுதுகிற அண்ணாச்சி ஒருவர் வந்தார். நான் வரைந்த தாளை வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"டீச்சர், நேராப் போணும்னாலும் அம்பு மேல பாக்கணும்ங்கிய. மாடிக்குப் போணும்னாலும் மேலதான் பாக்கணும்ங்கிய. பாக்குத பிள்ளை எதுன்னு எடுத்துக்கிடும்?"

பிள்ளைகளுக்குப் புரியும் என்று சொன்னேன். முதல் வாரமே ஒரு மாணவியின் அம்மா, கையில் இரண்டு பையோடு, அம்பைப் பார்த்துப் பார்த்து மொட்டைமாடிவரை ஏறிவிட்டார்.

அதோடு நிற்கவில்லை. பாதிப் பேர் பழைய எண்ணைச் சொன்னார்கள், பாதிப் பேர் புதியதை. பார்சல்கள் மாறிப் போயின. நடைகூடத்தின் பக்கத்தில் பூட்டிக் கிடந்த பொது அறையை அந்த நாட்களில்தான் திறந்தேன். யார் பூட்டச் சொன்னது என்று கேட்டதற்கு ஒவ்வொருவரும் இன்னொருவரைக் கைகாட்டினார்கள். உடைந்த கட்டில்களை அகற்றி, நாற்காலி போட்டு, டிவியும் வைத்தேன். பெண்கள் எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி அந்த ஆறு படிகளுக்கே போய்த் தொடையோடு தொடை ஒட்டி உட்கார்ந்தார்கள். போகிற வருகிறவர்கள் அவர்களைத் தாண்டித்தான் நடக்க வேண்டும். ஏன் இங்கே என்று கேட்டால், இங்கேதான் டவர் கிடைக்கிறது என்றார்கள். பொது அறைக்குள் போய் என் போனைப் பார்த்தேன். அங்கேயும் அதே அளவுதான் இருந்தது.

ஒன்றும் விளங்காமல், தாமதமாகச் சேர்ந்த பெண்கள் வந்த அன்று, ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு பேசாமல் அவர்கள் பின்னால் நடந்தேன். எங்கே நிற்கிறார்கள் என்று மட்டும் குறிப்பது என்று திட்டம். நாங்குநேரிப் பக்கத்துப் பெண் ஒருத்தி என் போர்டை நிமிர்ந்து பார்த்தாள், அம்பைப் பார்த்தாள், இரண்டையும் விட்டுவிட்டு ஆறு படிகளும் தொடங்குகிற இடத்தில் போய் நின்றாள். படியில் இருந்தவர்களிடம் தன் அறை எண்ணைக் காட்டிக் கேட்டாள். ஒருத்தி போனிலிருந்து தலையைத் தூக்காமலே பதில் சொன்னாள்.

"நேரா எறங்கு. வீசிங் ரூம் வரும். அதுக்கு அடுத்தது."

தவறாகக் காதில் விழுந்ததோ என்று நினைத்தேன். அடுத்து வந்தவளுக்கும் வீசிங் ரூமுக்கு எதிர் வரிசை என்றுதான் பதில் கிடைத்தது. கேலியாகச் சொல்லவில்லை. மோட்டார் ரூம் என்பதைப் போலச் சாதாரணமாகச் சொன்னார்கள். எப்போதிருந்து இப்படி என்று பின்னர் ஒரு மூன்றாமாண்டு மாணவியைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். எண் மாற்றியதற்குப் பிறகுதான் என்றாள். எந்த எண்ணைச் சொன்னாலும் குழப்பமாக இருந்ததாம். அன்று மூச்சு முட்டியதால் எல்லோருக்கும் தெரிந்த அறை அது ஒன்றுதானாம்.

நான் எழுந்து நின்ற நினைவிருக்கிறது. எதற்காக எழுந்தேன் என்று தெரியவில்லை. அவளைப் போகச் சொல்லிவிட்டு மறுபடி உட்கார்ந்தேன்.

அந்தச் சாத்தான்குளத்துப் பெண்ணைத் தேடிப் போனேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். சுற்றி வளைத்து ஆரம்பித்த என்னை அவளே நிறுத்தினாள்.

"தெரியும் மேடம். எனக்கு வந்த பார்சல்லயே இங்க அப்படித்தான் எழுதி வச்சிருந்தாங்க."

இனி அப்படிச் சொல்லக் கூடாது என்று எல்லோரிடமும் சொல்லட்டுமா என்று கேட்டேன்.

"நீங்க சொன்னா இன்னும் நல்லா ஞாபகம் வச்சிக்கிடுவாங்க."

பிறகு, முடியுமானால் ரோட்டுப் பக்கம் ஒரு அறை தரும்படி கேட்டாள். பஸ் ஓடுகிற ரோடு, முழுக்கத் தூசி, உனக்கு எப்படி ஒத்துக்கொள்ளும் என்றேன். ஜன்னலைச் சாத்திக்கொள்வதாகச் சொன்னாள். வீட்டுக்குப் போன் செய்து கேட்டேன், டாக்டரிடமும் கேட்டேன். அவர்களும் சரி என்றதும், அறைத்தோழியோடு சேர்த்து மாற்றிக் கொடுத்தேன். அவளுக்கு நல்லது செய்கிறேனா கெடுதல் செய்கிறேனா என்று எனக்கே உறுதியில்லை.

அவள் கேட்டதில் ஒரு வார்த்தை என் மனத்தில் தங்கியது. ஒரு சாயங்காலம் படியில் இருந்த பெண்களோடு நானும் உட்கார்ந்து, இந்த இரண்டு கட்டடத்தையும் நீங்களாக என்னவென்று சொல்வீர்கள் என்று கேட்டேன். ரோட்டுப் பக்கம், ஆத்துப் பக்கம் என்றார்கள். வெளியூர்ப் பிள்ளைகளும் அதையே சொன்னார்கள். நான் இரண்டு வாரம் வரைந்த தாளில் அந்த இரண்டு சொல்லும் இல்லை.

அண்ணாச்சியை மறுபடி வரவழைத்தேன். ஏ, பி போயின. ரோட்டுப் பக்கம் பழைய எண்கள் திரும்ப வந்தன; ஆற்றுப் பக்கம் நூற்றொன்றில் தொடங்கியது. படி தொடங்குகிற, எல்லோரும் வந்து நிற்கிற அந்த இடத்தில் மட்டும் பெரிதாக ஒரு போர்டு: 'இது ரோட்டுப் பக்கம், தரைத்தளம். ஆறு படி இறங்கினால் ஆத்துப் பக்கம், முதல் மாடி.' அம்பே வேண்டாமா என்று அண்ணாச்சி இரண்டு முறை கேட்டார். பொது அறை நாற்காலிகளில் பாதியைப் படிகளுக்குப் பக்கத்தில் நடைகூடத்திலேயே போட்டேன். சிலர் அதில் உட்கார்ந்தார்கள். மற்றவர்கள் படியை விடவில்லை, ஆனால் ஒரு ஓரமாக ஒதுங்கி உட்காரப் பழகினார்கள். வருகிறவர்கள் மொட்டைமாடிக்குப் போவது நின்றது.

வீசிங் ரூம் என்ற பேச்சு மட்டும் முழுக்கப் போகவில்லை. அங்கே இப்போது வேறு இரண்டு பேர் இருந்தார்கள். அவர்களுக்கு ஆஸ்துமா கிடையாது. வீசிங் ரூம் அக்கா என்று யாராவது கூப்பிட்டால் அவர்கள்தான் திரும்பிப் பார்த்தார்கள்.

தை மாதத்தில் ஒருநாள் வருகைப் பதிவேட்டோடு நடைகூடத்தில் போய்க்கொண்டிருந்தேன். யாரோ ஒரு பெண்ணின் அம்மா போர்டின் முன்னால் நின்று வழி கேட்டுக்கொண்டிருந்தார். பதில் சொல்லிக்கொண்டிருந்தது சாத்தான்குளத்துப் பெண்.

"இந்தப் படில எறங்குங்க. ஆத்துப் பக்கம், வீசிங் ரூம்னு கேளுங்க. அதுக்கு அடுத்த ரூம்."

அந்த அம்மா இறங்கிப் போகும்வரை காத்திருந்து, நீயே அப்படிச் சொல்கிறாயே என்று கேட்டேன்.

"அப்படிச் சொன்னாத்தான் மேடம் தெரியும்" என்றாள்.

அவள் முகத்தில் சிரிப்பு இருந்ததா இல்லையா என்று என்னால் சொல்ல முடியவில்லை. ரோட்டுப் பக்கம் திரும்பி அவள் நடந்தாள். நான் படி இறங்கி, ஆற்றுப் பக்கத்திலிருந்து வருகை எடுக்க ஆரம்பித்தேன்.