ஆட்டுக்காரர்கள் போட்ட ரோடு

ஆவடி ரயில் நிலையத்திலிருந்து ஆறு கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் ஓர் இடத்துக்கு மருத்துவர் வர முடியாமல் இருக்குமா? இந்தக் கேள்விதான் என்னைக் கிளப்பியது.

தொண்ணூறுகளின் நடுவில் ஓர் ஆனி மாதம். தேர்வு முடிந்திருந்தது. முடிவு வரவில்லை. சமூகவியல் மாணவனாக இரண்டு ஆண்டுகள் நூலகத்தில் உட்கார்ந்து, மக்கள் பங்கேற்பு பற்றிய அறிக்கைகளைப் படித்திருந்தேன். எல்லா அறிக்கைகளிலும் மக்கள் பங்கேற்றார்கள். ஒருவருக்கும் முகம் இல்லை. கால்நடை மருத்துவம் படிக்கும் விடுதி நண்பன் ஒருவன்தான் சொன்னான்: வெள்ளானூரைத் தாண்டி, ஆடு மேய்ப்பவர்கள் தாங்களே கூடிப் பேசி, கால்நடை டாக்டர் வந்து போக, தாங்களே ஒரு ரோடு போட்டிருக்கிறார்கள். அரசு கொடுக்கவில்லை. தொண்டு நிறுவனம் எதுவும் வரவில்லை. போய்ப் பார்.

சனிக்கிழமை காலை சென்ட்ரலில் மின்சார ரயில் ஏறினேன். ஆவடிக்கு முக்கால் மணி நேரம். அம்பத்தூரில் ஷிப்ட் ஆட்கள் இறங்கியதும் பெட்டி காலியானது. ஆவடியில் பேருந்துக்குக் காத்திருந்தால் வெயில் ஏறிவிடும் என்று ஆட்டோ பிடித்தேன். முப்பது ரூபாய். பேருந்தில் போனால் இரண்டு ரூபாய்தான். வெள்ளானூர் வரை போகும், பிறகு நடக்க வேண்டும்.

"பட்டிமேடா? பிளாட் பாக்கவா சார்?" என்றார் ஓட்டுநர்.

"இல்ல. ஆட்டுக்காரங்களப் பாக்க."

"ஆடு வாங்கவா?"

"இல்ல. சும்மா பாக்கத்தான்."

கொஞ்ச தூரம் ஓட்டினார். பிறகு கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "சும்மா ஆடு பாக்கறதுக்கு முப்பது ரூபா குடுக்கறியே நைனா. எனக்குப் பத்து ரூபா குடு. எங்க ஊட்டாண்ட ரெண்டு கட்டி வச்சிகீறேன். நாள்பூரா பாத்துக்கினு இரு."

கூட்டு ரோட்டில் ஒரு டீக்கடை. அங்கிருந்து வடக்கே பிரியும் பாதைதான் நான் பார்க்க வந்த ரோடு. சூளைகளில் வெந்து கருகி, விலைபோகாமல் கொட்டிக் கிடக்கும் செங்கல்லை உடைத்துப் பரப்பியிருந்தார்கள். மேலே மண். இரண்டரைக் கிலோமீட்டர். ஒரு ஜீப் போகும் அகலம். பாதி வழியில் ஏரிக் கால்வாய் குறுக்கே வருகிறது. அங்கே சிமெண்டுக் குழாய் போட்டு மூடி, மேலே கல் அடுக்கியிருந்தார்கள். ஆட்டோ ஒரு முறைகூடத் தூக்கிப் போடவில்லை.

பட்டிமேடு ஒரு புறம்போக்கு மேடு. பதினோரு குடும்பங்கள். அறுவடை முடிந்ததும் ஆடுகளை ஓட்டிக்கொண்டு ஊத்துக்கோட்டைப் பக்கம் போவார்கள். மழைக்கு முன் திரும்புவார்கள். இரவில் யார் வயலில் ஆடு அடைக்கிறார்களோ அந்த வயலுக்கு எரு. அதுதான் அவர்கள் கொடுக்கக்கூடிய ஒரே பொருள்.

ரோடு அதை வைத்துத்தான் வந்தது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மழைக்காலத்தில் ஆடுகளுக்கு வெக்கை நோய் கண்டது. வாயில் புண், கழிச்சல், மூன்றாம் நாள் படுத்துவிடும். டாக்டர் ஜீப் கால்வாய் வரை வந்து, சேற்றைப் பார்த்துவிட்டுத் திரும்பியது. கன்னியம்மா என்கிற பெண்ணின் மந்தையில் எட்டு ஆடுகள்தான் மிஞ்சின. கணவனை இழந்தவர். நாற்பது வயது இருக்கும். ரோடு போடலாம் என்று முதலில் சொன்னவர் அவர்தான். பாதைக்காக வயலோரம் விட்டுக்கொடுத்த விவசாயிகளுக்கு ஒரு கோடை முழுக்கக் கூலி இல்லாமல் ஆடு அடைத்தார்கள். கல்லைத் தலையில் சுமந்தார்கள். மறு ஆண்டு ஜீப் உள்ளே வந்தது. ஊசி போட்டார்கள். ஆடுகள் பிழைத்தன.

அறிக்கையாக இருந்தால் இங்கே முடிந்திருக்கும்.

நான் போய்ச் சேர்ந்தபோது புளியமரத்தடியில் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. வரவேற்க யாரும் எழுந்திருக்கவில்லை. கன்னியம்மா மட்டும் திரும்பி, "பிளாட் பாக்க வந்தியா கண்ணு?" என்றார். இல்லை என்றதும், "அப்ப குந்து" என்றார்.

விஷயம் எளிமையானது. ரோடு இல்லாதவரை அந்த நிலத்தை யாரும் கேட்கவில்லை. ரோடு வந்ததும் இரண்டு பக்க வயல்களையும் ஒரு மனைக் கம்பெனி பேசி முடித்துவிட்டது. பேச்சுதான், இன்னும் பத்திரம் ஆகவில்லை. மேய்ச்சல் மேட்டிலும் சேர்த்தே கல் நட்டுவிட்டார்கள். மறுநாள் ஞாயிறு, முதல் விற்பனை. வேனில் ஆட்களை அழைத்து வருகிறார்கள். இதற்கிடையில் மந்தைகளில் மறுபடி வெக்கை. மூன்று ஆடுகள் படுத்துவிட்டன. மற்றவற்றுக்கு ஊசி போட டாக்டர் திங்கள்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

கன்னியம்மாவின் கொழுந்தன் ஏழுமலை ரோட்டை வெட்டிவிடலாம் என்றார். "மொத நாளே வேன் உள்ள வர்லன்னா எவன் அட்வான்ஸ் குடுப்பான்? கம்பெனிக்காரன் வேற எடம் பாத்துக்கினு பூடுவான்."

"திங்கக்கெயம டாக்டர் ஜீப்பு எதுல வரும்? உன் தோள்லயா?" என்றது ஒரு குரல்.

"ஆமா, உன்னயும் சேத்துத் தூக்கிக்கினு வரேன்."

யாரோ சிரித்தார்கள். சிரிப்பு நிற்கவில்லை. பிறகு சட்டென்று நின்றது.

அவர்கள் முடிவெடுக்கும் முறையை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. மண்ணில் ஒரு கோடு. குடும்பத்துக்கு ஒரு மேய்ச்சல் கோல். கோட்டின் இந்தப் பக்கம் போட்டால் ஆம், அந்தப் பக்கம் போட்டால் இல்லை. போட்ட கோலைத் திருப்பி எடுக்கக் கூடாது. போட்ட பிறகு பேசவும் கூடாது. ரோடு போடும்போதும் இப்படித்தான் முடிவெடுத்தார்களாம்.

கன்னியம்மாவின் மந்தையில்தான் நோய் தொடங்கியிருந்தது. ரோடும் அவருடைய யோசனை. அவர் எந்தப் பக்கம் போடுவார் என்று எல்லோருக்கும் தெரிந்ததுபோல இருந்தது. அவர் கோலைக் கையிலேயே வைத்துக்கொண்டு சொன்னார்:

"ஆடு செத்தா குட்டி வாங்கி வளக்கலாம். எடம் போச்சுன்னா அந்தக் குட்டிய எங்க மேய்ப்பேன், ஆவடி பஸ் ஸ்டாண்டுலயா?"

கோலை வெட்டும் பக்கம் போட்டார். அதன் பிறகு போட்டவர்கள் பலரும் அந்தப் பக்கமே போட்டார்கள்.

பிற்பகல் அவரே ஆவடிக்கு நடந்து போய் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தார். ரோடு இருக்காது, ஆடுகளைக் கூட்டு ரோட்டுக்கு ஓட்டி வந்துவிடுகிறோம் என்று சொல்லியிருக்கிறார். பத்து மணிக்கு வருவதாகவும், பத்தரைக்கு மேல் நிற்க முடியாது, பூந்தமல்லியில் வேலை இருக்கிறது என்றும் டாக்டர் சொன்னாராம். இருட்டுவதற்குள் கால்வாய்க் குழாயைப் பெயர்த்துவிட்டார்கள். தாங்கள் அடுக்கிய கல்லைத் தாங்களே எடுத்தார்கள். கற்கள் இருந்த வரிசை அவர்களுக்குத் தெரிந்திருந்தது. வேலை வேகமாக நடந்தது. நான் ஊர் திரும்பவில்லை, மேட்டிலேயே தங்கினேன்.

ஞாயிறு ஒன்பது மணிக்கு இரண்டு வேன்கள் வந்தன. ஒலிபெருக்கி, கொடிகள். கால்வாயில் நின்றன. கம்பெனி ஆள் இறங்கிக் குழியைப் பார்த்தார். சண்டை வரும் என்று நினைத்தேன். ஏழுமலையும் நினைத்தார். கையில் கடப்பாரை. வந்தவர் சிரித்தார். டிரைவரிடம் ஏதோ சொன்னார். அரைமணி நேரத்தில் ஒரு டிராக்டர் கட்டட இடிபாடுகளோடு வந்தது. பிறகு இன்னொன்று. குழாயும் போடவில்லை, கல்லும் அடுக்கவில்லை. கொட்டி, மண்ணைப் போட்டு, டிராக்டரையே நாலு தடவை மேலே ஓட்டினார்கள்.

அதுவரை வேனில் வந்தவர்கள் வேலமர நிழலில் எலுமிச்சை சாதப் பொட்டலம் சாப்பிட்டார்கள். கெட்டவர்கள் யாரும் இல்லை. கள்ளிக்குப்பத்திலிருந்து வந்த ஒருவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். அப்பா கூலிக்கு நாற்று நட்டவராம். இவர் அம்பத்தூர் பட்டறையில் லேத் வேலை. மனைவியின் வளையலை விற்று அட்வான்ஸ் கொண்டுவந்திருந்தார்.

"வாடக ஊட்ல எத்தினி நாளு சார் இருக்கறது? நீங்களும் கெயக்கு பாத்த மனையா?"

அவர் பொட்டலத்திலிருந்து ஒரு வடையை எடுத்து எனக்குக் கொடுத்தார். சாப்பிட்டேன்.

நண்பகலுக்குள் வேன்கள் உள்ளே போய்விட்டன.

திங்கள் காலை. படுத்தவற்றை விட்டுவிட்டு மற்ற ஆடுகளை எட்டு மணிக்குக் கிளப்பினார்கள். ரோடுதான் சரியாகிவிட்டதே, அதில் ஓட்டினால் ஒரு மணி நேரம். கால்வாய் அருகே புதிதாக ஒரு காவலாளி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"ஆடு இதுல வரக் கூடாதுக்கா. புழுக்க போடும். பார்ட்டிங்க வராங்க."

"நாங்க போட்ட ரோடுய்யா இது" என்றார் ஏழுமலை.

"யார் போட்டா எனக்கின்னா அண்ணாத்தே? ஆட்ட உட்டா என் வேல பூடும். ஏரி வழியாப் போ. நானும் புள்ளகுட்டிக்காரன்."

ஏழுமலை கோலை ஓங்கினார். கன்னியம்மா அதைப் பிடித்துக்கொண்டார். "நேரமாவுது. திருப்பு."

ஏரிக்குள் இறங்கினார்கள். சுற்றுவழி, நாலு கிலோமீட்டராவது இருக்கும். பத்துக்குள் போய்விடலாம் என்றுதான் நினைத்தார்கள். வெடித்துக் கிடந்த தரை. நிழல் இல்லை. நடுவில் ஒரு செம்மறி படுத்தது. பிறகு இன்னொன்று. காலையில் அவை நன்றாகத்தான் இருந்தன. கன்னியம்மா ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டார். மற்றதை நான் தூக்கினேன். உடம்பு கொதித்தது. மூச்சு என் கழுத்தில் பட்டது.

கூட்டு ரோட்டுக்கு வந்தபோது பதினொன்று ஆகியிருந்தது. ஜீப் இல்லை.

டீக்கடைக்காரர் தானாகவே சொன்னார். "பத்து மணிக்கே வந்துச்சுக்கா. உங்கள யாரையும் காணோம். ரோடு நல்லாத்தான கீதுன்னு உள்ள பூட்டாரு. அங்கயும் ஆடு இல்லியாம். திரும்பி வந்து இங்கயே கொஞ்ச நேரம் நின்னாரு. அப்பறம் பூந்தமல்லி பக்கம் பூட்ச்சு."

ஏழுமலை தரையில் உட்கார்ந்துவிட்டார். ஆடுகள் ரோட்டில் பரவின. ஒரு லாரி ஒலிப்பானை அடித்துக்கொண்டே நின்றது.

கன்னியம்மா ஆட்டை இறக்கிவைத்தார். முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு கேட்டார்:

"ஜீப்பு குலுங்காமப் போச்சா?"

டீக்கடைக்காரருக்குப் புரியவில்லை. "இன்னாக்கா?"

"நம்ம ரோட்ல. குலுங்காமப் போச்சான்னு கேட்டேன்."

"வழுக்கிக்கினு போச்சுக்கா."

தலையாட்டினார்.

அடுத்த முறை டாக்டர் வந்தபோது ஊசி போட அதிகம் மிச்சமில்லை. நண்பன் மூலம் தெரிந்துகொண்டேன். ஐப்பசியில் மீண்டும் போனேன். மேட்டில் ஆறு குடும்பங்கள் இருந்தன. கன்னியம்மா இல்லை. கரையான்சாவடியில் ஒரு கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவுகிறார் என்றார் ஏழுமலை. அவர்தான் இப்போது கால்வாய் அருகே அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பழைய காவலாளி போய்விட்டார். ஆடு வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "வந்தாதானே" என்றார்.

அறிக்கைகளை இப்போதும் படிக்கிறேன். மக்கள் சாலை அமைத்தனர் என்று ஒரு வரி வந்தால், அது எங்கிருந்து எங்கே போகும் சாலை என்று யோசிப்பதில்லை. யார் வரும் சாலை என்று யோசிக்கிறேன்.

போக நினைப்பவர்களுக்கு: ஆவடியிலிருந்து வெள்ளானூர் பேருந்து, இரண்டு ரூபாய். கூட்டு ரோட்டில் இறங்கி டீ குடித்துவிட்டு நடங்கள். உள்ளே கடை கிடையாது, தண்ணீர் கொண்டுபோங்கள். ஆனி, ஆடியில் குடை வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்பத்தூர் நிலையத்திலிருந்து வேன் இலவசம், சாப்பாடும் உண்டு. மனை பார்க்க வருவதாகச் சொன்னால் போதும். ரோடு நன்றாக இருக்கிறது. மழையிலும் சேறாகாது, அடியில் கருங்கட்டிச் செங்கல். கால்வாய் இருந்த இடத்தில் மட்டும் மண் கொஞ்சம் அமுங்கியிருக்கிறது. வண்டி ஒரு முறை இறங்கி ஏறும். கம்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.