அக்கரையில் நின்ற அம்மா

வருவதாகச் சொல்லிப் போன ஒருவர் வந்துசேரும்வரை எங்கே இருக்கிறார்? விமலராணியின் வாழ்க்கை கேட்ட கேள்வி இதுதான். விடை தேடியது அவளல்ல, அவளுடைய நான்கு வயது மகள்.

கணவன் செல்லடியில் இறந்து ஆறு மாதத்தில், தொண்ணூற்றொன்றில், துசானியை அக்கா ஞானம்பிகையிடம் விட்டுவிட்டு அவள் இத்தாலியின் பலெர்மோ நகரத்துக்குப் புறப்பட்டாள். போகிறேன் என்று சொல்லக் கூடாது. ஊர் வழக்கப்படி "வாறன்" என்றாள். பிள்ளை அந்தச் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டது. வாறன் என்றவள் வந்துகொண்டிருக்கத்தானே வேண்டும்? அன்றிலிருந்து துசானிக்கு அம்மா வழியில் இருந்தாள். ஒருநாள் மலை ஏறினாள். ஒருநாள் கப்பலில் படுத்திருந்தாள். கொழும்பில் சோடா குடித்தாள்.

அக்கா இதையெல்லாம் பகிடியாகக் கடிதத்தில் எழுதுவாள். பலெர்மோவின் சீசா என்ற பகுதியில் அவளோடு ஒரே அறையில் இருந்த ரதிக்குக் கடிதம் வந்தாலே சிரிப்பு.

"என்னடி, இப்ப எங்கை நிக்கிறியாம்?"

"கிளாலிக்கு அக்கரையிலை. சனம் கூடவாம், வள்ளம் கிடைக்கேல்லையாம்."

"போன கடிதத்திலையும் அங்கைதானே நிண்டனி? உன்னை மீன் விக்க விட்டிட்டாளோ?"

தெற்கிலிருந்து யாழ்ப்பாணத்துக்குள் போக அப்போது கிளாலிக் கடல்நீரேரியைத்தான் கடக்க வேண்டும். பெரியவர்கள் வள்ளத்துக்காகக் காத்துக் கிடந்த கதைகளைக் கேட்டுக் கேட்டு, பிள்ளை அம்மாவையும் அங்கேயே நிறுத்திவிட்டாள்.

விமலராணியும் சிரித்தாள். ஆனால் காலையில் பொலிதேயாமா பக்கம் வேலைக்குப் பேருந்தில் போகும்போதும், எசமானி சிஞ்ஞோராவின் வீட்டில் சட்டைகளுக்கு அயன் போடும்போதும், தன்னை அந்தக் கரையில் வைத்துப் பார்த்தாள். கடிதம் வர இரண்டு மாதம். அதற்குள் வள்ளம் கிடைத்திருக்குமோ? பெர்மெசோ என்ற வதிவிட அனுமதி இல்லாமல் இத்தாலியைவிட்டுப் போனால் திரும்பி வர முடியாது. அவளைப் பொறுமைசாலி என்று சொன்னவர்கள் உண்டு. அது சரியான சொல்லல்ல. அவளுக்கு வேறு வழி இருக்கவில்லை, அவ்வளவுதான்.

தொண்ணூற்றாறில் பெர்மெசோ கிடைத்தது. இனி மகளைக் கூப்பிடலாம். பத்திரங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டிருந்தபோது அக்காவின் கடிதம் வந்தது. சண்டையில் ஊர் இடம்பெயர்ந்து, அவர்களும் கிளாலி கடந்து வன்னிக்குப் போயிருந்தார்கள்.

"வள்ளம் கரை தட்ட முந்தியே பிள்ளை குதிச்சிட்டாள். அங்கை நிண்ட பொம்பிளையள் எல்லாரின்ரை முகத்தையும் பாத்தாள். கூப்பிடக் கூப்பிட வரேல்லை. பொழுதுபட வந்து என்ரை கையைப் பிடிச்சாள். 'அம்மா, பசிக்குது' எண்டாள். நான் திருத்தேல்லை. என்னோடை கோவிக்காதை."

ரதி கேட்டபோது, "எல்லாரும் சுகமாம்" என்று மட்டும் விமலராணி சொன்னாள். அக்கா திருத்தியிருக்கலாம் என்று சில நாள் நினைத்தாள். பசி என்று வந்த பிள்ளையிடம் எந்தச் சொல்லைத் திருத்துவது என்று சில நாள் நினைத்தாள். வருகிறவர் வேறு, இருக்கிறவர் வேறு என்பதைப் பலர் ஆயுள் முழுக்கக் கற்பதில்லை. துசானிக்கு ஒரு பகல் போதுமாக இருந்தது.

அடுத்த தை மாதம் அவர்கள் கொழும்புக்கு வந்துசேர்ந்தார்கள். முதல்முறையாக ரெலிபோனில் பிள்ளையின் குரல்.

"ஆர், துசியோ? என்னைத் தெரியுதோ குஞ்சு?"

"ஓம். இத்தாலிச் சின்னம்மா. சுகமா இருக்கிறியளோ?"

அம்மாவின் தங்கை சின்னம்மா. பெரியம்மாவை அம்மாவாக்கிய பிள்ளை முறையைப் பிழைவிடாமல் மற்றவளுக்கும் அவளுக்குரிய இடத்தைக் கொடுத்திருந்தாள். அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் பிடித்துக்கொள்ள ஏதாவது இருந்திருக்கும்.

"ஓமம்மா, சுகமா இருக்கிறன்" என்றாள் விமலராணி.

பத்து நாள் கழித்து, வெளிநாட்டவரின் பத்திரங்களைப் பார்க்கும் பொலிஸ் அலுவலகமான குவெஸ்தூராவில் அவளுடைய முறை வந்தது. துணைக்கு ரதியும் போயிருந்தாள். அதிகாரி விண்ணப்பத்தில் இருந்த துசானியின் பெயரின்மேல் விரலை வைத்து, மகளா என்று கேட்டார்.

"இல்லை, அக்காவின் மகள்" என்றாள் விமலராணி, தெளிவான இத்தாலிய மொழியில்.

அப்படியென்றால் கூப்பிட முடியாது என்று அவர் தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

"விசரே உனக்கு? பிறப்புப் பத்திரம் கையிலை இருக்கெல்லோ!" ரதி அவளுடைய தோளைப் பிடித்து உலுக்கினாள். "சொல்லடி அவனுக்கு!"

விமலராணி பத்திரத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள். பின்னால் நின்றவருக்கு வழி விட்டு விலகினாள். ஏன் என்று ரதி பேருந்திலும் கேட்டாள், பிறகு பல வருடங்கள் கழித்தும் கேட்டாள். "பிள்ளைக்கு அம்மா பக்கத்திலை இருக்கிறா" என்று மட்டும் விமலராணி சொல்வாள்.