மூன்று வயது சம்பத் அண்ணன்

கரையான்சாவடி மெயின் ரோட்டில் நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பக்கத்துக் கடை சம்பத் அண்ணனுடையது. நாற்காலி, ஷாமியானா, அண்டா, குண்டான் எல்லாம் அங்கே வாடகைக்குக் கிடைக்கும். இந்தப் பக்கத்தில் ஒரு காதுகுத்து, ஒரு வளைகாப்பு என்றால் அண்ணன் கடை நாற்காலி போகாமல் இருக்காது. ஆனால் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அத்தனை நாற்காலி வைத்திருக்கிற மனுஷன் நின்றுகொண்டுதான் டீ குடிப்பார். பேசும்போதுகூடக் கடை வாசலில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே பேசுவார். அவரோடு பேசி முடித்தால் எனக்குக் கழுத்து வலிக்கும்.

சேக்காட்டில் பல தலைமுறையாக நிலம் வைத்திருந்த குடும்பம் அவருடையது. அந்த நிலம் கைவிட்டுப் போனதற்கு அண்ணன் ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை. "சேத்துல குனிஞ்சிகினு நின்னா இடுப்பு பூடும் தங்கச்சி. இது ஷோக்கான தொழிலு. எவன் ஊட்ல விசேசம்னாலும் நாமதான் மொத ஆளா போறோம்" என்பார்.

அவர் மனைவி பார்வதம் அண்ணி. அண்ணிக்கு அண்ணன் பயப்படுவார் என்று நான் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டார், அது மரியாதை என்பார். இருவருக்கும் ஒரே மகள் அகல்யா. அம்பத்தூரில் வேலை பார்த்த இடத்தில் விக்ரம் என்ற தென்காசிப் பையனைப் பிடித்துப்போய், வீட்டில் கேட்டுப் பார்த்து, அண்ணி முடியாது என்றதும் ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டாள். அவள் வாசற்படி மிதித்தால் தான் அந்த வீட்டில் இருக்க மாட்டேன் என்று அண்ணி சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அகல்யா என்ற பெயரை யாரும் எடுப்பதில்லை. ஊரில் உள்ள விசேஷத்துக்கெல்லாம் பந்தல் போடுகிற அண்ணன், சொந்த மகளின் கல்யாணத்துக்கு ஒரு நாற்காலிகூடப் போடவில்லை. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் அண்ணி மேல் கோபம் வரும். அண்ணன் மேலும் வரும்.

அப்படியிருக்கையில்தான் அண்ணன் டச் போன் வாங்கினார். வாடகைக்குக் கேட்கிறவர்கள் நாற்காலியின் படத்தை அனுப்பு, ஷாமியானாவின் படத்தை அனுப்பு என்கிறார்கள், பட்டன் போனை வைத்துக்கொண்டு என்ன செய்வது? என்னிடம் கொடுத்தால் பேர், விவரம் எல்லாம் போட்டுத் தருகிறேன் என்றேன். "நான் பாக்காத ஃபாரமா? நானே ரொப்பிக்கிறேன்" என்று வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கொஞ்ச நாள் கழித்து முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார்.

"தங்கச்சி, இந்த போன் சொகமில்ல. ராத்திரி ஒம்போது அடிச்சா தூங்கிடுது."

"தூங்குதா?"

"ஆமா. நிலா படம் ஒண்ணு போட்டு மூடிக்குது. அது மட்டுமா, நியூஸ் பாக்கலாம்னு போனா யானை டான்ஸ் ஆடுது. சீட்டாட்டம் ஒண்ணு ஏத்தலாம்னு பாத்தா உங்க அண்ணி போனுக்கு மணி அடிக்குது. அவ வேணாம்னு அமுக்குறா. இங்க பூட்டிக்குது. காசு குட்த்து வாங்குனவன் நானு, பூட்டு அவ கைல கீது."

வாங்கிப் பார்த்தேன். பார்த்ததும் சிரிப்பை அடக்க முடியவில்லை. போன் கம்பெனிக் கணக்குப்படி சம்பத் அண்ணனுக்கு இன்னும் மூன்று வயதுகூட நிரம்பவில்லை. அது குழந்தையின் போன். அண்ணி அவருடைய கார்டியன்.

நடந்தது இதுதான். போன் பிறந்த தேதி கேட்டிருக்கிறது. அண்ணனுக்குத் தன் பிறந்த தேதி தெரியாது. புயல் அடித்த வருஷம், ஏதோ ஒரு மழை மாசம், அவ்வளவுதான் அவர் அம்மா சொல்லிவிட்டுப் போனது. ஆதாரில் வெறும் வருஷம்தான் இருக்கிறது. கட்டத்தைக் காலியாக விட்டால் போன் அடுத்த பக்கத்துக்குப் போகவில்லை. ஏதோ ஒரு தேதியைப் போட்டுவிட்டார். உடனே, வயது போதாது, பெரியவர் ஒருவரின் போன் வேண்டும் என்று இங்கிலீஷில் கேட்டிருக்கிறது. அண்ணன் பாங்கிலும் எல்ஐசியிலும் பார்த்துப் பழகியவர். நாமினி கேட்கிறான் என்று நினைத்து அண்ணியின் போனைக் கொடுத்திருக்கிறார். அண்ணியும் எல்லாவற்றுக்கும் சரி சரி என்று அமுக்கியிருக்கிறார்.

"அதுசரி, இது யார் தேதி?" என்றேன். புரட்டாசியில் வருகிற ஒரு தேதி, வருஷத்தோடு இருந்தது.

அண்ணன் நடப்பதை நிறுத்திவிட்டு ரோட்டைப் பார்த்தார். "அகல்யாவோட பொண்ணு பொறந்த தேதி. கிருஷ்ணப்பிரியா. எனக்குத் தெரிஞ்ச தேதி அது ஒண்ணுதாம்மா."

வியாழக்கிழமை தோறும் லோடு எடுக்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, அவுட்டர் ரிங் ரோடு வழியாக மொபெட்டில் நெமிலிச்சேரிக்குப் போய் மகளையும் பேத்தியையும் பார்த்துவிட்டு வருகிறார் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. குழந்தை பிறந்ததிலிருந்து நடக்கிறதாம். அதைச் சொல்லும்போது அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த நிமிஷமே அவரைப் பயமுறுத்தியவளும் நான்தான்.

"அண்ணே, நீங்க எங்க இருக்கீங்கன்னு அண்ணி போன்ல தெரியும். கொழந்தை தொலைஞ்சு போயிடக் கூடாதுன்னு மேப்ல புள்ளி வச்சுக் காட்டும்."

"எத்தினி நாளா?"

"போன் வாங்கினதிலேருந்து."

போன் வாங்கிய பிறகு ஒரு வியாழக்கிழமை வந்து போயிருந்தது. நல்லவேளையாக அன்றைக்கு அதில் சார்ஜ் இல்லை. "அவளுக்குத் தெரிஞ்சா இதுவும் நின்னு பூடும் தங்கச்சி" என்றார்.

தேதியை மாற்ற முயன்றேன். அடையாள அட்டையைக் காட்டச் சொன்னது. ஆதாரைக் காட்டினால் நாளும் மாதமும் எங்கே என்றது. வாக்காளர் அட்டையில் ஒரு வயது, ரேஷன் அட்டையில் வேறொரு வயது. எதை அனுப்பினாலும் ஏற்க இயலவில்லை என்று ஒரே பதில். யாரிடமாவது பேசலாம் என்றால் பேச அங்கே ஆளே கிடையாது. நரைத்த தலையோடு எதிரில் நிற்கிற மனுஷனை மூன்று வயது என்று எவனோ முடிவு செய்கிறான், நம் காசில் வாங்கிய போனில் நாம் எதைத் திறக்கலாம் என்று அவன் சொல்கிறான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அண்ணன்தான் என்னைச் சமாதானப்படுத்தினார்.

கடைசியில் ஒரு வழி செய்தோம். இனி வியாழக்கிழமை கடையில்தான் இருப்பேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, போனை என் கடையில் வைத்துவிட்டுப் போவார். வாடகைக்குக் கேட்டுக் கூப்பிடுகிறவர்களுக்கு அண்ணன் கையில் வேலையாக இருக்கிறார் என்று நான் சொல்வேன். அண்ணி கூப்பிட்டால் எடுக்க மாட்டேன். புள்ளி கடையிலேயே இருக்கும்.

மாதங்கள் ஓடின. அண்ணிக்கு அந்தப் பூட்டு கையில் கிடைத்ததில் ஏக குஷி. முருங்கைக்கீரை உருவிக் கொடுத்தால் நியூஸ் திறக்கும். மாவு அரைத்துக்கொண்டு வந்தால் ராத்திரி ஒரு அரை மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும். அண்ணன் புலம்பிக்கொண்டே எல்லாம் செய்தார். அகல்யா போனதிலிருந்து தேவைக்கு மட்டும் பேசிக்கொண்டிருந்தவர்கள், பூட்டுக்காகவாவது வாய் ஓயாமல் சண்டை போட்டார்கள். எனக்குப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

ஒரு வியாழக்கிழமை அண்ணன் போனைக் கையில் எடுத்துக்கொண்டார். பேத்திக்குக் காய்ச்சலாம். தாத்தா போன் வேண்டும் என்று அழுகிறாளாம். போன வாரம் அகல்யா கூப்பிட்டுப் பேசும்போது, தன்னிடம் யானை ஆடுகிற போன் இருப்பதாக இவர்தான் குழந்தையிடம் பெருமை அடித்திருக்கிறார்.

"அண்ணே, அண்ணிக்குத் தெரிஞ்சிடும்" என்றேன்.

"கொயந்த அழுவுதும்மா. நான் இன்னா பண்ணட்டும்" என்று வண்டியைக் கிளப்பிவிட்டார்.

அவர் போய் ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. பார்வதம் அண்ணி என் கடைக்குள் வந்தார். நகல் எடுக்கக் கையில் ஏதோ பத்திரம் வைத்திருந்தார். அதை வாங்கி மெஷினில் வைத்தேன்.

"எங்க உங்க அண்ணன்?"

"ஆவடிக்கு லோடு எடுக்கப் போயிருக்காரு அண்ணி."

அண்ணி ஸ்டூலில் உட்கார்ந்து தன் போனைத் திறந்து என் பக்கம் திருப்பினார். நெமிலிச்சேரி ஸ்டேஷனுக்குப் பக்கத்துத் தெருவில் புள்ளி நின்றது.

"இன்னிக்குத்தான் புள்ளி போயிக்குது. ஆனா எனக்கு எப்பவோ தெரியும். மத்த நாளெல்லாம் தெருத்தெருவா சுத்துற புள்ளி வியாயக்கெயமயானா உன் கடையில ஆணி அடிச்சாப்ல நிக்கிது. கண்ணாலம் கட்டின நாளா ஒரு எடத்துல குந்துன மனுசனா அவரு? புள்ளி குந்திகினு கீதுன்னா ஆளு அங்க இல்லன்னுதானே அர்த்தம். ஒளிஞ்சிகினு போறதுக்கு அவருக்கு ஒரே எடந்தானே கீது."

"தெரிஞ்சுமா அண்ணி ஒண்ணும் கேக்கல?"

"கேட்டா நிறுத்திடுவாரு" என்றார் அண்ணி.

அந்த நேரம் அவர் போன் மணியடித்தது. சம்பத் இன்னும் நேரம் கேட்கிறார் என்று வந்தது. பகலில் பாட்டுக்கு அண்ணி ஒரு அளவு வைத்திருந்தார், அது முடிந்திருக்கிறது. அண்ணனுக்கு அந்தப் பட்டன் இருப்பதே தெரியாது. குழந்தைதான் பளிச்சென்று தெரிந்த இடத்தில் விரலை வைத்திருக்க வேண்டும். கீழே, கடைசியாகத் திறந்தது குழந்தைப் பாடல்கள் என்று இருந்தது. அண்ணி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கொடு என்று ஒரு கட்டம், கொடுக்காதே என்று ஒரு கட்டம். விரல் இரண்டுக்கும் நடுவில் நின்றது. ஜெராக்ஸ் மெஷின் தாளைத் துப்பிவிட்டுச் சும்மா உறுமிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தக்கூட எனக்குத் தோன்றவில்லை.

அண்ணி கொடு என்பதை அமுக்கினார்.

நகலை வாங்கிக்கொண்டும் அவர் எழுந்திருக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் மறுபடி மணியடித்தது. அதற்கும் கொடுத்தார். மூன்றாவது தடவை கொடுத்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். உடனே கோபமும் வந்துவிட்டது.

"இத்தினி நேரமா பாக்கும் ஒரு கொயந்த? கண்ணு இன்னாத்துக்கு ஆவறது? கேக்காம இன்னா பண்ணிகினு கீறா அவ?"

அவ என்றது அகல்யாவை. கல்யாணத்துக்குப் பிறகு அண்ணி வாயிலிருந்து மகளைப் பற்றி ஒரு வார்த்தை வந்து அன்றைக்குத்தான் கேட்டேன். குழந்தைக்குக் காய்ச்சல் என்று சொன்னேன். அண்ணி எழுந்து வீட்டுக்குப் போக பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தார்.

அன்றைக்கு அண்ணன் பயந்துகொண்டே வீட்டுக்குப் போயிருக்கிறார். யார் அத்தனை தடவை கொடு என்று அமுக்கியது என்று அவருக்கும் தெரியும். அண்ணி சோறு போட்டாராம், ஒன்றும் கேட்கவில்லையாம். ரசம் ஊற்றும்போதுதான் வாயைத் திறந்திருக்கிறார். "போன்ல உனுக்குப் புரட்டாசில பொறந்த நாளுன்னு போட்டுக்கீது. மூணு முடியுதாம். கேசரி செய்யட்டுமா, பாயாசமா?"

அண்ணன் "எங்க வச்சு?" என்று கேட்டாராம்.

"நாக்காலிய எங்க எறக்கப் போறியோ அங்க" என்றாராம் அண்ணி.

புரட்டாசியில் அந்த நாள் வந்தது. நெமிலிச்சேரி வீட்டின் மொட்டை மாடியில் அண்ணன் புது ஷாமியானாவை ஒரு துண்டுகூட விடாமல் கட்டினார். அந்த மாடிக்கு அத்தனை நாற்காலி அதிகம் என்று நான் சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அண்ணி கேசரித் தூக்கோடு படியேறி வந்து வாசலில் நின்றார். அகல்யா அவரைப் பார்த்ததும் உள்ளே போகவும் தெரியாமல் வெளியே வரவும் தெரியாமல் நின்றாள். விக்ரம்தான் முன்னால் வந்து தூக்கை வாங்கிக்கொண்டு, "உள்ள வாங்கத்தே" என்றான்.

அண்ணி மகளைப் பார்த்தார். "கொயந்தைக்கு அவ்ளோ நேரம் போன் குட்ப்பியா நீ?" என்றார். அத்தனை வருஷத்துக்கு அப்புறம் பேசின முதல் பேச்சு அதுதான். அகல்யா "இல்லம்மா" என்று சொல்ல வந்து அழுதுவிட்டாள். அண்ணியும் அழுதார். நான் படிக்கட்டில் நின்றுகொண்டு அழுதேன். என் வீட்டு விஷயமா என்ன, ஆனாலும் வந்துவிட்டது.

குழந்தைக்கு இந்தப் புது மனுஷி யாரென்று தெரியவில்லை. கிட்டவே வரவில்லை. தாத்தா போனை எடுத்துக்கொண்டு ஷாமியானா கம்பத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது. அண்ணி ஒரு நாற்காலியில் உட்கார்ந்து அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். வந்தவர்கள் பேசினார்கள், கேசரி சாப்பிட்டார்கள். போனில் ஓடிய பாட்டு சட்டென்று நின்றது. அண்ணியின் மடியில் இருந்த போன் மணியடித்தது.

அண்ணி இந்த முறை யோசிக்கவே இல்லை. கொடுக்காதே என்பதை அமுக்கினார்.

குழந்தை போனைத் தட்டிப் பார்த்தது. திருப்பிப் பார்த்தது. பிறகு அதைத் தூக்கிக்கொண்டு சுற்றிலும் பார்த்துவிட்டு, யார் சொன்னார்களோ, நேராக அண்ணியின் முன்னால் வந்து நின்றது.

"போன் தூங்கிச்சு" என்றது.

"தூங்கட்டும். நீ வா" என்று அண்ணி அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

சம்பத் அண்ணன் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு அடுக்கிலிருந்து ஒரு நாற்காலியை உருவிப் போட்டு, அண்ணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.